பள்ளிக்கூடத்துச் சேலை

எங்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லாமல் எனக்கு எதையும் தொடங்க வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். மூத்த பேத்தி துறைமுகத்தில் கணக்கு வேலை பார்க்கிறாள். அடுத்தவள் நர்சிங் முடித்து மஸ்கட்டில் இருக்கிறாள். கடைக்குட்டி ஆன்றோ பந்து விளையாட்டில் கோப்பை வாங்கியவன். அவன் ஏழாம் வகுப்புவரை வந்ததே எனக்குக் கோப்பைதான். அதற்குக் காரணமான அவனுடைய ஒன்றாம் வகுப்பு சாந்தா டீச்சர் நம்மை விட்டுப் போய்விட்டார்கள். நம் பெற்றோர் குரூப்பில் சேதி வந்ததும் ஆன்றோ போனை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

அவனுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது. ஒன்றாம் வகுப்பில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த, முந்திரியை அரைத்துச் சுடும் மக்ரூனை ஒரு கடி கடித்தான். உதடு வீங்கி மூச்சு இழுத்தது. டீச்சர்தான் ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

நம்மூரில் மக்ரூன் இல்லாமல் பிறந்தநாள் ஏது? டீச்சரின் வீட்டுக்காரருக்குத் தொழிலே அதுதான். கீழே மக்ரூன் அடுப்பு, மாடியில் வீடு. ஆனாலும் வகுப்பில் யாரும் தின்பண்டம் பிரிக்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகணும் என்று டீச்சர் சட்டம் வைத்துவிட்டார்கள். டீச்சரிடமே படித்த ஒரு தாய் சண்டைக்கு வந்தாள்.

"ஒரு பயலுக்காவ எல்லாரும் வாயக் கட்டணுமா? அவனத் தள்ளி உக்கார வைங்க டீச்சர்."

"தள்ளி வச்சா மறந்திருவோம், ஏளா. பக்கத்துல இருந்தாத்தான் நெனப்பு இருக்கும்."

தினமும் பள்ளிக்கு வந்ததும் சேலை மாற்றுவார்கள். "என்ன டீச்சர், நித்தம் கல்யாண வீடா?" என்று கேலி செய்தேன். "வீட்டுச் சேலையில முந்திரித் தூள் இருக்கும்லா. உங்க பேரன் ஓடிவந்து மடியில விழுதான்!" என்று சிரித்தார்கள்.

கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கணும் என்றான் ஆன்றோ. அந்த வீட்டுப் படியை அவன் ஒருநாளும் மிதித்ததில்லை. முந்திரிக்குப் பயந்து என் மகனும் மருமகளும் வேண்டாம் என்றார்கள்.

"எல்லாரும் பாக்காவ. நான் மட்டும் தெருவுல நிக்கவா, ஆச்சி?"

அப்போதுதான் டீச்சரின் வீட்டுக்காரர் அண்ணாச்சி போன் செய்தார்.

"அடுப்ப அணைச்சாச்சி. படி, மாடி எல்லாம் கழுவி விட்டாச்சி. பள்ளிக்கூடத்துல வச்சிருந்த சேலைய எடுத்துவந்துதான் அவளுக்குக் கட்டியிருக்கு. புள்ளயக் கூட்டிட்டு வாங்க."

ஆன்றோ பெட்டியோரம் நின்று அந்தச் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டான். யாரும் அவனை விலக்கவில்லை.

எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் "உனக்கு எது ஆகாது ராசா?" என்று முதலில் கேட்கிறேன். டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

குரூப்பில் போட்டிருக்கும் படத்தில் டீச்சர் கடையில், மக்ரூன் தட்டோடு நிற்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் ஆன்றோ பக்கத்தில் போக முடியாத டீச்சர் அது. பள்ளிக்கூடத்துச் சேலையில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து அதைப் போடுங்கள்.