என் பெயர் வந்த திருத்தம்

கணபதி ஏரியாவில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், புரோகிராம் எழுதுவதற்கான எடிட்டர் ஒன்றைத் தயாரிக்கிறோம். திரையில், ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டும் பாதையைத் தொட்டால் அந்த ஃபைல் திறக்க வேண்டும். உடுமலைப்பேட்டை வாடிக்கையாளர் ஒருவருக்கு மட்டும் திறக்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். என் கணினியில் ஒழுங்காகவே திறந்தது.

புதிதாகச் சேர்ந்த மும்தாஜ் அவருக்கு ஃபோன் போட்டாள்.

"ஏனுங்க, ஃபோல்டர் பேரை அப்படியே சொல்லுங்க."

அவர் தன் பெயரையே ஃபோல்டருக்கு வைத்திருந்தார்: இனிஷியல், புள்ளி, இடைவெளி, பிறகு பெயர். அந்த இடைவெளியோடு பாதை முடிந்ததாக எடிட்டர் நினைத்திருக்கிறது. ஃபோல்டர் பெயர் என்ன என்பதுதான் நான் கேட்காத ஒரே கேள்வி. அரை மணியில் சரிசெய்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் என் வேலையை விட்டுவிட்டு, அவள் திருத்தத்தைத் தோற்கடிக்கவே கோணல்மாணலான பெயர்களில் ஃபோல்டர்களை உருவாக்கினேன். சாயங்காலம், அடைப்புக்குறி வைத்த ஒரு பெயரில் அவள் திருத்தம் மாட்டியது.

"என்னங்க மும்தாஜ், இது திறக்கவே மாட்டேங்குதே!" எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

ஓடிவந்து பார்த்தாள். "நல்லவேளைங்ணா, வெளிய அனுப்பறதுக்குள்ள புடிச்சுப்போட்டீங்க. இத்தனை அக்கறையா யாருங்க பாப்பாங்க?"

அதையும் சரிசெய்து, யார் சரிசெய்தது என்று எழுதிவைக்கும் திருத்தக் குறிப்பில் தன் பெயருக்கு முன்னால் என் பெயரைப் போட்டாள். அதை எடுக்கச் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். இன்றுவரை நான் சொல்லவில்லை.