தூணிடம் சொல்லிவிட்டு வந்தேன்

திருமயத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த செட்டியார் வீடு அது. புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எழும்பிக்கொண்டிருந்த புது லாட்ஜின் முகப்புக்காக, அந்த வீட்டின் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்க்கப் போயிருந்தேன். மெட்ராஸில் குடியேறிவிட்ட சொந்தக்காரர்கள் விற்கச் சம்மதித்துவிட்டார்கள். தூணை உருவினால் வீடு விழும். அது என் கவலை இல்லை.

வீட்டைக் காத்தவர் நெட்டையான ஓர் அம்மா. இடுப்பில் கனத்த சாவிக்கொத்து. உள்ளே கரையான் அரிக்கிறதா என்று பார்க்க, கடந்து போகும்போதெல்லாம் ஒவ்வொரு தூணையும் விரல்முட்டியால் தட்டிக் காது கொடுப்பார்.

பருமன் பார்க்க நான் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தேன். உள்ளேயிருந்து டக், டக் என்று யாரோ தட்டினார்கள். அந்த அம்மாவோ முற்றத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கையாலும் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

என் வேட்டி எனக்கு முன்னால் ஓடப் பார்த்தது.

"என்னண்ணே, வெலவெலத்துப் போயி நிக்கிறீங்க?"

"தூணு... தட்டுதுங்க."

"பின்னே? தெனம் நான் தட்டுறேன்ல, பதில் சொல்லுது. வாங்கலைன்னு அதுக்கிட்டயே சொல்லிட்டுப் போங்க. பயந்து கெடக்கு."

"வாங்கலைங்க" என்று தூணைப் பார்த்துக் கும்பிட்டேன். அத்தனை மரியாதை என் மாமனாருக்குக்கூட நான் தந்ததில்லை.

லாட்ஜுக்குச் சிமெண்டுத் தூண்தான் வாய்த்தது. நான் கேட்டது என் நெஞ்சு அடித்ததைத்தான் என்கிறார்கள் எல்லோரும். நானும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதானே என் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது?