மீன்கூடைக்குப் போணி

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்தாறு வயது. மஞ்சள் காமாலையில் கணவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறத் தெருவில் அண்ணா வீட்டில் இருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காலை ஏழு மணிக்கு ஷிப்ட். போகும் வழியிலேயே ஆறு மணிக்கு மார்க்கெட்டில் காய் வாங்கிவிடுவேன். மத்தியானம் திரும்பும்போது போனால் வெண்டைக்காய் முற்றலும் சொத்தையும்தான் மிஞ்சியிருக்கும்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. சிவப்புச் செங்கல் சுவர், இரும்புத் தூண்கள், ஓட்டுக்கூரையின் இடுக்கெல்லாம் புறா. உள்ளே கல்மேடைகளில் காய்கறிக் கடைகள். மீன் விற்கும் பெண்களுக்கு உள்ளே இடமில்லை. நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையோடு நடந்து வந்து பின்வாசலுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக உட்காருவார்கள்.

உள்ளே மூன்றாவது மேடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். கல்யாணமான புதிதில் நானும் கணவரும் அவரிடம்தான் வாங்குவோம். என்னைக் கண்டாலே, நீங்க போணி பண்ணினால் நாள் பூரா வியாபாரம் ஓடும் என்று கூப்பிட்டுக் கொடுப்பார். வருஷம் முடிந்து நான் மறுபடி போன முதல் நாள், பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்ததும் அவர் தராசின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

"ஒரு போணி ஆவட்டும்மா. அதுக்கப்புறம் வாங்க," என்றார். குரலில் கடுமை இல்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

அடுத்த மேடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பை கையில், கடை எதிரிலேயே நின்றேன். வேறொரு அம்மாள் வந்து கத்தரிக்காய் வாங்கினாள். சாக்கை எடுத்துவிட்டு, இப்போ சொல்லுங்க என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனேன். மறுநாளும் போய் நின்றேன். அதற்கடுத்த நாளும். வீட்டில் ஒரு வாரம் அப்பளமும் வற்றல்குழம்பும்தான். கார்த்தால போறவளுக்கு ரெண்டு காய் வாங்கத் துப்பில்லையா என்று மன்னி கேட்டாள்.

ஒன்பதாம் நாள் பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது, அங்கே கடைசியாக உட்கார்ந்திருந்த மீன்காரம்மா என்னைக் கூப்பிட்டாள். நாற்பது வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது.

"இன்னாம்மா, தெனம் அந்தாளு மூஞ்சிய பாத்துக்கினு நிக்கிற? வா, நம்ம கூடைக்கு போணி பண்ணு."

நான் மீன் சாப்பிடுகிறவள் இல்லை என்றேன்.

"துன்னச் சொன்னனா? வாங்கச் சொன்னேன்." கூடை மேல் கிடந்த ஈரத்துணியை விலக்கினாள். "எம் புருசன் கடலோட பூட்டான், ஆறு வருசமாவுது. தெனம் இந்தக் கூடைய மொதல்ல தொடறது எங் கைதான். மீனு விக்காமலா கீது?"

நெத்திலி ஒரு கூறு வாங்கினேன். மீனைக் கிட்டத்தில் பார்த்ததே அன்றுதான். உள்ளேயிருந்து நாலைந்து கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. வாழைச்சருகுப் பொட்டலத்தை மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கட்டடத்தின் நடுவே நடந்து முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். வேகமாக நடக்கவில்லை.

எக்ஸ்சேஞ்சில் இரவு ஷிப்ட் முடித்து எனக்கு நாற்காலி விடும் தோழி சாந்தோம்காரி. பொட்டலத்தை அவளிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவள், நாளைக்கு வஞ்சிரம் இருந்தால் வாங்கி வா என்றாள்.

அன்று என் போணியால் மீன் கொட்டோ கொட்டென்று விற்றது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். விற்கவில்லை. வெயில் ஏறியும் பாதிக் கூடை மிச்சமாம். மறுநாள் மீன்காரம்மாவே சொன்னாள். சொல்லிவிட்டு, வா, போணி பண்ணு என்று மறுபடி கூப்பிட்டாள். அன்றிலிருந்து தோழிக்கு மீன் வாங்குவது என் வேலையாயிற்று. காய்க்கு, பின்வாசல் பக்கம் கீரை விற்ற கிழவர் இருந்தார். அவர் யாரையும் நிமிர்ந்தே பார்க்க மாட்டார்.

யாரோ பார்த்து அண்ணாவிடம் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் கூடத்தில் வைத்துக் கேட்டான். "மீன்காரி கிட்ட நின்னுண்டு உனக்கு என்னடி வேலை? கேக்கறவாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"போணி பண்ணிண்டிருந்தான்னு சொல்லு, அண்ணா. உள்ளே பண்ண விடலைன்னும் சேத்துச் சொல்லு."

உள்ளே நடந்தது அவனுக்கு அப்போதுதான் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த ஆளிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். வேண்டாம் என்று தடுத்தேன். எனக்காக ஒரு ஆண் போய்ப் பேசி வாங்கித் தரும் கத்தரிக்காய் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, காலில் அடிபட்டு மூன்றாவது மேடைக்காரர் படுத்திருந்தபோது, கடையில் அவர் மனைவி உட்கார்ந்தாள். என்னைத் தெரியாது. வாங்கக்கா என்று கூப்பிட்டாள். இன்னும் போணி ஆகவில்லை என்பதைத் தராசுத் தட்டின் ஈரமில்லாத பளபளப்பே சொல்லியது. அவளை ஏமாற்ற எனக்கு மனமில்லை. நான் கணவனை இழந்தவள், யோசித்துக்கொள் என்று நேராகச் சொன்னேன்.

தராசைக் கையில் எடுத்தாள். "காய் வாடுதுக்கா. என்ன வேணும், சொல்லுங்க."

கால் கிலோ அவரைக்காய் கேட்டேன்.

அவர் குணமாகி வந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அவளும் உடன் வருவாள். அந்த நாட்களில் மட்டும் அங்கே வாங்குவேன். அவர் புறாக்களைப் பார்ப்பதுபோல முகத்தை மேலே திருப்பிக்கொள்வார். நான் அவசரப்பட மாட்டேன். மேடை எதிரில் நின்று, ஒவ்வொரு காயாக ஒடித்துப் பார்த்துத்தான் பொறுக்குவேன்.