கோட்டில் அடங்காத மழை

புள்ளியியல் எங்கள் பிழைப்பு என்று தெரிந்தால் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்னைப் போல எண்களோடு குடித்தனம் நடத்திய பாவிகளுக்கு இது தெரியும்.

எழுபதுகளில் போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு என்னை அனுப்பினார்கள். ஓடையோரம் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், லயம் என்பார்கள். வெள்ளம் புகாமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். எவ்வளவு உயரம் என்று பழைய மழை அளவுகளைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முதலமடைக்கு, வீட்டுக்குப் போகலாம். கல்யாணமான புதுசு வேறு.

அளவெடுத்த சட்டை

மழையின் சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் எடுத்து ஒரு கோடு வரைந்தேன். மழை அதற்குப் பொருந்துகிறதா என்று, எவ்வளவு விலகலைப் பொறுக்கலாம் எனச் சொல்லும் வழக்கமான அட்டவணையில் பார்த்தேன். பொருந்தியது! பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். கோடு போட்டதே அந்த மழையை வைத்துத்தானே? என் உடம்பில் அளவெடுத்துத் தைத்த சட்டை எனக்குப் பொருந்துகிறது என்பதில் என்ன பெருமை?

இப்படி அதே அளவுகளிலிருந்து கோடு போட்டால் பார்க்கவென்றே கண்டிப்பான அட்டவணை ஒன்று உண்டு. அதில் பார்த்தால் பொருந்தவில்லை. போய் மேனேஜரிடம் சொன்னேன். இந்த மழைக்காலத்தையும் இங்கேயே இருந்து அளந்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். கதவு வரை வந்தவர், "சாரே, பொருந்துற அட்டவணை கையில இருக்கும்போது பொருந்தாததை எதுக்குத் தேடிப் போனீங்க?" என்றார்.

பேச்சுத்துணை

தலை ஆடி வந்தது. மாமனார் வீட்டில் விருந்து. மாப்பிள்ளை மட்டும் மலையில். தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை. மூடுபனியில் எதிர்வீடுகூடத் தெரியாது. காலையில் மழைமானியைப் பார்த்து அளவைச் சத்தம் போட்டுச் சொல்வேன், மனுஷக் குரல் ஒன்று கேட்கட்டுமே என்று. கொழுந்து பறிக்கப் போன பேச்சியம்மாள், லயத்தில் முதல் வீட்டுக்காரி, நின்று கேட்டாள்: "ஏன் சார், மழைகிட்டயே பேசுதீகளே, அது பதில் சொல்லுதா?"

வெயில் போச்சு

அந்த வருஷம் பார்த்து மழை பரம சாது. ஓடை வாசற்படியைக்கூட நனைக்கவில்லை. புது அளவுகளையும் சேர்த்துப் பார்த்தேன்; அப்போதும் பொருந்தவில்லை. பழைய வருஷங்களில் கோடு சொல்வதைவிடப் பெருமழை அடிக்கடி வந்திருக்கிறது. வேறு கோடு பிடித்து, சுவரை இன்னும் உயர்த்தச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். நன்றி சொல்வாள் என்று நினைத்துப் பேச்சியம்மாளிடம் காட்டினேன். அண்ணாந்து பார்த்தாள். "இம்புட்டு ஒசரமா? வீட்டுக்கு வெயிலே வராதே சார், துணிய எங்கன காயப்போட?"

வீட்டுக் கணக்கு

முதலமடைக்கு வந்து சேர்ந்தேன். சோறு போட்ட மனைவியிடம் இரண்டு அட்டவணைக் கதையையும் விடாமல் சொன்னேன். அந்த லயத்துச் சனங்களுக்காகத்தான் இருந்தேன் என்றேன். குழம்பு ஊற்றிய கை நின்றது.

"ஏனுங்க, அவிய நல்லா இருக்கட்டும். தலை ஆடிக்கு மாப்பிள்ளை ஏன் வரலைன்னு ஊரே கேட்டுச்சு, நாந்தானுங்க தனியா நின்னு பதில் சொன்னேன். அது உங்க எந்த அட்டவணையில வருமுங்க?"

அவள் கேள்விக்குப் பொருந்துகிற அட்டவணை கடைசிவரை கிடைக்காததால், அடுத்த மலைக்கு அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.