வெயிலுக்குப் பழகாத கொய்யாக் கன்றுகள்

யார் சொன்னது, அவள் தண்ணீர் காட்டாமல் கொன்றாள் என்று? தெருவில் நட்ட கொய்யாக் கன்றுகள் ஒன்றுவிடாமல் கருகிப்போனது உண்மைதான். அவள் கைராசி கெட்டது என்பது பொய். மாமியார் அவளை வீட்டை விட்டுத் துரத்தினாள் என்பது அதைவிடப் பெரிய பொய். எதிர்வீட்டுத் தையல்காரி அளவெடுக்காமலே கதை தைத்துப் போடுகிறாள், தெருவும் மாட்டிக்கொண்டு திரிகிறது. நடந்தது என்னவென்று கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

தெருவில் அவளுக்குப் பேர் செடிக்காரி. தோட்டக்கலை படித்துவிட்டு நர்சரியில் வேலை பார்த்தாள். குழம்பில் உப்புப் போட மறப்பாள். எந்தத் தொட்டியில் எந்த இலை வாடியது என்பதை மறக்கமாட்டாள். குடியிருப்போர் சங்கம் தெருவோரம் மரம் நட முடிவெடுத்ததும், "நம்ம தெருவுக்கு நானே வளர்த்துத் தரேன்" என்று முதல் ஆளாகப் போய் நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தெருவுக்கு அவள் இன்னார் மருமகள், இன்னார் பெண்டாட்டி, அவ்வளவுதான். தான் வளர்த்த மரம் தெருவில் நின்றால் தனக்கென்று ஒரு பேர் இருக்கும் என்று நினைத்தாள். அது ஒரு குற்றமா?

மொட்டை மாடியில் பச்சை வலைக்கு அடியில் கன்றுகள் தளதளவென்று வந்தன. நடும் நாள் நெருங்கியதும் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள், தண்ணீரையும் குறைத்தாள். அங்கேதான் ஆரம்பித்தது வம்பு. இலைகளெல்லாம் செம்பு நிறத்துக்குத் திரும்பின. அடுத்த மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

"பச்சப்புள்ளைய பட்டினி போடுற மாதிரி இருக்குடி உன் மருமக பண்றது" என்றாள் தையல்காரி.

மாமியாருக்கு அது சுருக்கென்று தைத்தது. நல்ல மனுஷி அவள். மருமகள் வேலைக்குக் கிளம்பினால் தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கித் தந்து அனுப்புகிறவள். அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள்.

"ஏம்மா, அதுங்க பாவம் இல்லையா?"

செடிக்காரி கை காயக் காய விளக்கினாள். "அத்தை, நிழல்ல வளர்ந்த இலை கொஞ்சம் வெளிச்சத்தத்தான் செரிக்கும். திடீர்னு கொளுத்துற வெயில்ல வச்சா, மிஞ்சின வெளிச்சம் உள்ளேயே விஷமாயிடும். நாம சுவாசிக்கிற ஆக்சிஜனே வெறி புடிச்சு இலைய உள்ளுக்குள்ள இருந்து எரிக்கும். அத அணைக்க செடி தானே மருந்து பண்ணும். எலுமிச்சம்பழத்துல இருக்கே வைட்டமின் சி, அதுகூட அந்த மருந்துல ஒண்ணுதான். இந்தச் செவப்பும் அதுக்குத்தான். ஆனா கொஞ்சம் கஷ்டம் காட்டினாத்தான், ஓஹோ தேவைப்படுதுன்னு செடி பண்ண ஆரம்பிக்கும். வீடு பத்திக்கிட்டப்புறம் வாளி தேடினா ஆகுமா?"

"ஆமாம்மா, ஆமாம்" என்று தலையை ஆட்டிவிட்டு மாமியார் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

அதற்குப் பிறகு என்ன மாயமோ, கன்றுகள் மறுபடி பச்சையாகத் தழைத்தன. வெயிலில் காயும் கன்றுக்குச் செவப்பு எப்படிப் போகும் என்று செடிக்காரிக்குப் புரியவில்லை. மண்ணைக் கிளறினாள், வேரைப் பார்த்தாள், நர்சரிக்காரர்களிடம் கேட்டாள். நடுவதற்கு முந்தின நாள் தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தவள் மாடிக்குப் போனாள். கன்றுகளின் மேல் மாமியாரின் பழைய நூல் புடவைகள் வரிசையாக விரித்துக் கிடந்தன. முட்டிவலிக்கார மாமியார் குடத்தோடு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"தினமுமா அத்தை?"

"நீ வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். ஊர் வாய எத்தனை நாள் கேக்கறது? நீ கெட்ட பேர் வாங்கக் கூடாதுன்னுதாம்மா."

அவள் குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். இப்படி ஒரு பாசத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு ஓடினாள். "சார், கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க. இல்லன்னா ஒவ்வொரு கன்றுக்கும் மேல நிழல் கட்டுங்க."

"பந்தல் போட்டாச்சு, மைக் சொல்லியாச்சு, பெரிய மனுஷங்க வராங்க. கன்று பச்சைப்பசேல்னு இருக்கு, இதுக்கு மேல என்னம்மா வேணும்? செடிக்குக் குடை புடிச்சா சிரிக்க மாட்டாங்க?"

நட்டார்கள். கைதட்டினார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள். அந்த வாரம் பூராவும் அனல்காற்று. காலையும் மாலையும் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினாள், கிடைத்த சாக்கையெல்லாம் கொண்டுபோய்க் கட்டினாள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று யாரோ அவிழ்த்துப் போட்டார்கள். இலைகள் முதலில் வெளுத்தன. பிறகு அப்பளம் மாதிரி நொறுங்கின.

சங்கம் கூடியது. செயலாளர் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொன்று பேசினார்கள்.

"படிச்ச படிப்பு இவ்ளோதானா?"

"சில பேர் கை அப்படி. தொட்டா பட்டுடும்."

செடிக்காரி மாமியாரைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. நான்தான் தண்ணி ஊத்தினேன், நான்தான் மூடி வச்சேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமியார் எழுந்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சின்னப் பொண்ணுங்க, தெரியாம பண்ணிடுச்சு. மன்னிச்சு விட்டுடுங்க" என்று கைகூப்பினாள்.

கூட்டம் உடனே இளகிவிட்டது. என்ன தங்கமான மாமியார் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் சட்டையைக் கழற்றியபடி சொன்னான், "விடு. அம்மா உனக்காகத்தானே பேசினாங்க."

"எனக்காகத்தான் மூடினாங்க. எனக்காகத்தான் ஊத்தினாங்க. எனக்காகத்தான் என்னை ஒண்ணும் தெரியாதவளாவும் ஆக்கிட்டாங்க."

"இப்ப என்ன, செத்தது செடிதானே?"

அவள் பரணிலிருந்து பையை இறக்கினாள். கூடப் படித்தவள் ஒருத்தி வேறு ஊரில் நாற்றுப்பண்ணை நடத்துகிறாள். வா வா என்று அவள் கூப்பிடும்போதெல்லாம், குடும்பம் இங்கே இருக்கிறதே என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தவள் இவள். மறுநாள் துணிமணிகளைப் பையில் வைத்தாள்.

யாரும் துரத்தவில்லை. மாமியார் பையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிட்டாவது போடி."

"அங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அத்தை."

"சொன்னா என் மூஞ்சியில காறித் துப்புவாங்களேடி."

"என் மூஞ்சியில துப்பினாங்களே."

மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பையிலிருந்து எடுத்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினாள்.