சட்டுவத்தால் சுரண்டிய பாசி

இங்கே பாசியைக் கடையில் விற்கிறார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், அடியில் ஈரத்துணி விரித்து, மிட்டாய்க் கடைக்காரருக்கு லட்டின் மேல் இருக்கும் மரியாதையோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது நான் ஏதோ கீரை என்று நினைத்து, வதக்க வேண்டுமா, கூட்டு வைக்க வேண்டுமா என்று கடைப் பெண்ணிடம் சைகையில் கேட்டேன். அவள் பெட்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, எனக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டுத் தலை வணங்கினாள். ஜப்பானுக்கு வந்த புதிதில் என்னைப் பார்த்து யார் தலை வணங்கினாலும் அது மரியாதை என்றே எடுத்துக்கொள்வேன். இந்தக் குணம்தான் என்னை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அடுக்களைத் தரையில் செய்தித்தாள் விரித்து, முழங்கை வரை கறுப்பு மண்ணோடு உட்கார வைத்தது.

நான் செய்துகொண்டிருந்ததற்குக் கொக்கெதாமா என்று பெயர். பாசி உருண்டை, அவ்வளவுதான். ஒரு செடியின் வேரைச் சுற்றிப் பிசுபிசுப்பான மண்ணை ஆரஞ்சுப் பழ அளவுக்கு உருட்டி, அதன் மேல் பாசியைப் போர்த்தி, நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். தொட்டி கிடையாது. தட்டில் வைக்கலாம், கயிற்றில் தொங்கவும் விடலாம். வீடியோவில் ஒரு பெண்மணி இதை ஐந்து நிமிடத்தில், நகத்தில் அழுக்குப் படாமல் செய்து முடித்தார். எனக்கு ஐந்து மாதம் ஆனது. என் மனைவி சுதா முதல் நாளே சொன்னாள், "ஊர்ல ஒரு நாள் வயல்ல எறங்காத ஆளு, இங்க வந்து அடுக்களையில தொளி அடிக்கியோ." தொளி என்றால் எங்கள் பக்கம் வயல் சேறு. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தும் வரப்போடு நின்றுகொண்டவன் நான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்குப் பாசி என்றால் என்ன என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு மழை. கிணற்றடி, மதில், மாடிப்படி, எங்கும் வரும். ஒரு வாரம் எடுக்காமல் விட்டால் ஸ்கூட்டர் சீட்டிலும் வரும். தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக் குந்தி உட்கார்ந்து சுரண்டி, வாரியலால் தள்ளி, பிளீச்சிங் பவுடரைத் தூவி, வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அடுத்த மழைக்கு மறுபடியும் பச்சை. பள்ளி விடுமுறைகளில் எனக்கு வாய்த்த ஒரே வேலை அதுதான். படிப்பில் நான் முன்னேறியதற்குச் சிரட்டையிலிருந்து தப்பிக்கும் ஆசை ஒரு முக்கியக் காரணம்.

போன ஐப்பசியில் அம்மை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. அக்காதான் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிளேட் வைத்து, கூடவே இருந்து பார்த்தாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் கட்டிலின் கால் தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, ஒரு நொடி அம்மையின் நெற்றி தெரிந்தது. ஆயிரம் தடவை நான் சுரண்டிய அதே கல்லடி. அந்த வருஷம் சுரண்ட ஆளில்லை. அக்கா அதைச் சொல்லவில்லை. "நீ அங்கேருந்து என்ன செய்யப் போற மக்கா, போயி வேலையப் பாரு" என்றுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரி மொரிதா சான். அம்மையின் வயது, அம்மையின் உயரம், அம்மையைப் போலவே காலை ஆறு மணிக்கு யாருக்கோ போட்டி போல எழுந்துவிடுவார். பூவாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். கேட்டிலிருந்து படி வரை அந்த வாசல் முழுக்கப் பாசி. வில்லீஸ் என்று எங்கள் பக்கம் சொல்கிற வெல்வெட் துணி விரித்த மாதிரி. அதற்குத் தண்ணீர் வேறு ஊற்றுகிறார்! நான் மேலே பால்கனியில் காப்பியை வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடிப்பேன். அம்மை விழுந்து பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மொரிதா சான் பாட்டு வகுப்புக்குப் போன நேரம் பார்த்து நான் கீழே இறங்கினேன். இந்த ஊரில் சிரட்டை ஏது? சுதாவின் தோசைச் சட்டுவத்தை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரத்தில் பாதி வாசலை முடித்தேன். கூடவே படர்ந்திருந்த ஐவிக் கொடியையும் பிடுங்கினேன். மண் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை நாளில் அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். சுரண்டியதை எங்கே போடுவது என்பதுதான் சிக்கல். எரிகிற குப்பைக்கு ஒரு கிழமை, எரியாததற்கு ஒரு கிழமை, பாட்டிலுக்கு ஒன்று, பாட்டிலின் மூடிக்கு வேறொன்று. பாசி எரியுமா எரியாதா என்று அட்டவணையை உற்றுப் பார்த்துக் களைத்துப்போய், வீட்டின் பின்பக்கம் சொட்டுகிற குழாய்க்குக் கீழே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சட்டுவத்துக்காகக் கத்திக்கொண்டே வந்த சுதா, குவியலிலிருந்து இரண்டு ஐவித் தண்டைப் பொறுக்கி ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகினாள். எந்தக் கம்பைக் கண்டாலும் தண்ணீரில் போட்டு வேர் விட வைப்பது அவள் வழக்கம். எங்கள் ஜன்னலில் திரைச்சீலை கிடையாது, பாட்டில்கள்தான்.

மாலையில் மொரிதா சான் வந்தார். கேட்டைத் திறந்தார், நின்றார். சுரண்டிய பாதியைப் பார்த்தார். பிறகு, படியில் நின்று இளித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து, மிகவும் நன்றி என்றார். "தைஹென் தெஷித்தா நெ" என்றும் சொன்னார். ரொம்பச் சிரமப்பட்டிருப்பீர்களே என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஒருவர் வாசலில் கை வைத்துவிட்டு அவருக்கு அது பிடிக்கவில்லையென்றால், அது நமக்குத் தெரியாமல் போகாது, அடுத்த தெருவுக்கும் தெரியும். இவர் நன்றி சொல்கிறார், குனிகிறார், கண் கூடக் கலங்கியிருக்கிறது. நன்றியில் கலங்கிய கண் என்று நினைத்தேன். ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிச்சப் பாதியையும் சுரண்டினேன்.

அதன் பிறகு மொரிதா சான் காலையில் வெளியே வரவில்லை. ஆறு மணிக்கு வாசல் வெறும் மண்ணாகக் கிடந்தது. பூவாளி கவிழ்ந்து கிடந்தது. கீழ்வீட்டு ஜன்னல் திரை மூடியே இருந்தது. நான்காம் நாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரனான தனக்காவிடம், வாசலைச் சுத்தம் செய்து கொடுத்த பெருமையோடு, அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டேன். சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படம் போனில் இருந்தது, அதையும் காட்டினேன். அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அப்படிப் பரவ இருபது வருஷம் ஆகியிருக்கும் என்றான். அவர் நன்றி சொன்னாரே என்றேன். "வேறென்ன சொல்வார்?" என்றான்.

வேறென்ன சொல்வதென்றா? ஆயிரம் இருக்கிறது. எங்கள் அக்காவிடம் அனுப்பி வைத்தால் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவாள்.

மன்னிப்புக் கேட்க என் ஜப்பானிய மொழி போதாது. அதனால்தான் இந்த உருண்டை. அவர் மறுபடி காலை ஆறு மணிக்கு வாசலுக்கு வர வேண்டும், எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஊறுகாய் பாட்டிலில் ஐவி வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. அவர் வாசலின் கொடி. அதை உருண்டையில் வைத்துக் கொடுத்தால் புரிந்துகொள்வார். மண்ணும் கடைப் பாசியும் வாங்கி வந்தேன். முதல் உருண்டை கொழுக்கட்டை மாதிரி பிடித்து வைத்தேன், ராத்திரியோடு வெடித்து இரண்டாகிவிட்டது. இரண்டாவது நன்றாகவே நின்றது. ஆனால் நெல் விளைகிற ஊர்க்காரனுக்குச் செடி என்றால் காலடியில் தண்ணீர் நிற்க வேண்டும். உருண்டையை ஒரு தட்டில் வைத்து விளிம்பு வரை தண்ணீர் கட்டினேன், குறையக் குறைய மடை திறந்தேன். பத்து நாளில் வீடு முழுக்கக் குளத்து நாற்றம். வேர் அழுகி, முதல் ஐவித் தண்டு போய்விட்டது. வாளியில் முக்கி, குமிழி நின்றதும் எடுத்து, சொட்ட விட்டுவிட வேண்டுமாம். வீடியோவில் அதைச் சொன்ன இடத்தை நான் ஓட்டிவிட்டிருந்தேன். மூன்றாவதிலும் நான்காவதிலும் மண் சரி, நூல் சரி, பாசி மட்டும் காய்ந்து காப்பிப் பொடி நிறத்துக்குப் போனது. ஒரு நாளைக்கு மூன்று தடவை சலூன்காரர் மாதிரி தண்ணீர் பீய்ச்சினேன். ஊரில் பிளீச்சிங் பவுடர் கொட்டினாலும் சாகாத சவம், இங்கே தாலாட்டுப் பாடினாலும் சாகிறது.

பொறுக்க முடியாமல் அக்காவைக் கூப்பிட்டுப் பாசி எப்படி வளர்கிறது என்று கேட்டேன்.

"லே, அது எப்படி வளருதுன்னா கேக்க? எப்படி வளராம இருக்கும்னு கேளு, ஊரே ஒனக்குக் கோயில் கட்டும்" என்றாள் அக்கா. "இங்க அம்மையச் சாய்ச்சது போதாதுன்னு, அங்க அதுக்கு நீ பாலூட்டி வளக்கியா?"

பின்னாலிருந்து அம்மையின் குரல் கேட்டது. "பிள்ளைக்கு அங்க நேரத்துக்குச் சோறு கெடைக்கல போல. புத்தி கலங்கிட்டு."

கடைசியில் கண்டுபிடித்தது சுதா. மார்ச் மாதம், பின்பக்கக் குழாயடியில் மிதியடி கழுவப் போனவள் மேலே பார்த்து என்னைக் கூப்பிட்டாள். நான் ஐப்பசியில் கொட்டிய குவியல். எரியுமா எரியாதா என்று தெரியாமல் நான் விட்டுவிட்டுப் போன அதே குவியல், சொட்டுத் தண்ணீரில் நனைந்து நனைந்து, தலை முதல் கால் வரை பச்சைப் பசேலென்று இருந்தது. யாரும் அதற்கு ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் ரகசியம் போல. சுதா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மிஞ்சிய ஒற்றை ஐவியை வைத்து, அந்தப் பாசியைப் போர்த்தி, ஐந்தாவது உருண்டையைச் செய்தேன். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கீழ்வீட்டு மணியை முழங்கையால் அடித்தேன். மொரிதா சான் கதவைத் திறந்தார். உருண்டையைச் சுற்றிப் பார்த்தார், ஐவி இலையைத் திருப்பிப் பார்த்தார், பாசியை விரல் நுனியால் தொட்டார். எங்கிருந்து என்று கேட்டார். உங்கள் வாசல் என்றேன். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இக்கித்தெரு" என்றார். உயிரோடிருக்கிறது.

அப்போதுதான் என் மொத்த ஜப்பானிய மொழியையும் செலவழித்தேன். என் அம்மை. பாசி. வழுக்கி விழுந்தாள். நான் அங்கே இல்லை. மொரிதா சான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து என் சட்டைக் கையைப் பிடித்து முன்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். வெறும் மண்ணில் பதிந்து கிடந்த தட்டைக் கற்களைக் காலால் தட்டிக் காட்டினார். கேட்டிலிருந்து படி வரை ஏழு கல். ஒவ்வொன்றாக மிதித்துப் போய், மிதித்துத் திரும்பி வந்தார். பாசியில் யாரும் நடப்பதில்லை. கல்லில்தான் நடப்பார்கள். ஒரு வருஷமாக அந்தக் கற்களை மிதித்துத்தான் நானும் வேலைக்குப் போயிருக்கிறேன். அவர் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார், குவியலை அள்ளித் துண்டு துண்டாக வாசலில் பதிக்கத் தொடங்கினார். நானும் குந்தினேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழே பூவாளிச் சத்தம் கேட்டது. சுதாவை எழுப்பிச் சொன்னேன். தெரியும், படுங்க என்றாள்.

ஆடியில் இரண்டு வாரம் லீவு கிடைத்தது. அம்மை வாக்கரை விட்டுக் கம்புக்கு மாறியிருந்தாள். சாரலில் கிணற்றடி பச்சையாகக் கிடந்தது. அக்கா சிரட்டையை நீட்டினாள். நான் வாங்கவில்லை. பின்வாசலிலிருந்து துவைக்கிற கல் வரை சொரசொரப்பான தட்டைக் கல் ஒன்பது பதித்தேன், அம்மையின் அடியை அளந்து. நடுவில் பாசியை அப்படியே விட்டேன். அம்மை கம்பை ஊன்றி, ஒன்பது கல்லிலும் மிதித்து நடந்து, "கொள்ளாம்" என்றாள். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். "ஜப்பான்ல போயிப் படிச்சுட்டு வந்தது இதான், பாத்துக்கோ" என்றாள் அக்கா, அம்மையிடம்.

நான் திரும்பி வந்து பத்து நாள் இருக்கும். அலுவலகத்தில் இருக்கும்போது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. கிணற்றடியில் பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது, பிளீச்சிங் பவுடர் இன்னும் ஓரத்தில் கிடந்தது. பதிலாக நான்கு தடவை தட்டச்சு செய்து நான்கு தடவையும் அழித்தேன். அந்த வீட்டில் அம்மையைத் தூக்கிவிட வேண்டியவள் அவள். நான் இல்லை. கடைசியில் அனுப்பினேன்: "ரொம்ப நன்றி அக்கா. சிரமப்பட்டிருப்பே." அனுப்பிய பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று விளங்கியது. தனக்கா பக்கத்திலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் காலை பால்கனியில் நிற்கும்போது அடுத்த படம் வந்தது, கூடவே அக்காவின் குரல். "நீ சந்தோசமா எழுதியிருந்தியா, அதான் மிச்சத்தையும் எடுத்துட்டேன் மக்கா." முழுக் கிணற்றடியும் வெள்ளை. நடுவில் அம்மை கம்பில்லாமல் நின்றாள். கீழே மொரிதா சான் ஐந்தாவது கல்லில் நின்று பாசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், வாசல் நிலையில் உருண்டை தொங்கிக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து வணங்கினார். நானும் குனிந்தேன். கையிலிருந்த போனும் சாய, படத்தில் அம்மையும் என்னோடு சேர்ந்து குனிந்தாள்.