நீ ஹாவ்

என் அத்தை சீனாவுக்குப் போகிறாள் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டது, எந்தக் கம்பெனி என்றுதான். வேலைக்கு இல்லை, சும்மா சுற்றிப் பார்க்க என்றால் யாரும் நம்பவில்லை. எங்கள் வல்லம் வடகாலிலிருந்து வெளிநாடு போனவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் போய் ஏசி மாட்டியவர்கள், வெல்டிங் வைத்தவர்கள். வேடிக்கை பார்க்கப் போனவர் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் டூர் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "எந்த வண்டி பேசிக்கீறீங்க? சமைக்க ஆளு கூட வருதா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் டூர் என்றால் வேன், வேன் கூரைமேல் அண்டா.

அத்தை அப்பாவின் தங்கை. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் செல்போன் செய்யும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றாள். அங்கே புது மெஷின் இறங்கியபோது, அதைச் சொல்லிக்கொடுக்கச் சீனாவிலிருந்து ஒரு பெண் வந்து சில மாதங்கள் இருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. போனில் தட்டி, மொழிபெயர்த்துக் காட்டி, சிரித்துக்கொள்வார்களாம். ஊருக்குத் திரும்பும்போது அவள், நீ வந்தால் பெருஞ்சுவரைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பேச்சுக்குச் சொன்னதாகக்கூட இருக்கலாம். அத்தை அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டாள். அதுவரை அவளை யாரும் எங்கும் கூப்பிட்டதில்லை.

"செவுத்தப் பாக்கவா அம்மாந் தூரம் போற? வெளிய போய்ப் பாரு, எம்மாம் நீட்டு செவுரு வேணும் உனுக்கு?" என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் நெல் விதைத்த நிலமெல்லாம் அதற்குள் கம்பெனிகளின் காம்பவுண்டுக்கு உள்ளே போயிருந்தது. அப்பா அப்படியொரு காம்பவுண்டின் வாசலில்தான் செக்யூரிட்டியாக இருந்தார். நான் பள்ளிக்குச் சுவர் ஓரமாகவே போய், சுவர் ஓரமாகவே திரும்பி வருவேன்.

ஆனாலும் அவர் தடுக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு அவரே கூடப் போனார். வராது என்று நம்பியிருப்பார். விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீஸ்காரர், வேலைக்கா என்று கேட்டார். சுற்றிப் பார்க்க என்றாள் அத்தை. கூட யார் என்றார். யாருமில்லை என்றாள். அவர் பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா அவருக்குக் குடிக்கக் கலர் வாங்கிவருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். எப்படியோ பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு வீடு சீனாவுக்குத் தயாரானது. வாலாஜாபாத் முழுக்க அலைந்து ஒரு ஸ்வெட்டரும் ஒரு மங்கி குல்லாயும் வாங்கி வந்தோம். சித்திரை வெயிலில் அத்தை இரண்டையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அங்கே பாம்பைத்தான் சமைப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட, அம்மா பருப்புப் பொடி இடித்தாள். குச்சியால் சாப்பிடப் பழக வேண்டுமென்று அத்தை துடைப்பத்திலிருந்து குச்சிகளை உருவிக் கழுவி, வேர்க்கடலையை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். "தொடப்பக் குச்சியில துன்றாளே, வூடு வெளங்குமா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மொழிப் பாடத்துக்கு நான்தான் கூட்டாளி. நீ ஹாவ் என்றால் நல்லா இருக்கியா என்று அர்த்தம். சீனத்திலும் நீ என்றால் நீதான் என்று அத்தை சொன்னதும் அந்த நாடு எனக்கு வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது. டீச்சரைப் பார்த்தால் நீங்க ஹாவா என்று கேட்டேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவுங்களும் நம்ம மாரிதான்டி. பெரியவங்கள நீன்னு சொல்ல மாட்டாங்களாம். நின் ஹாவ்னு சொல்லணும். நீன்னு சொல்லிட்டன்னு வெச்சிக்கோ, மருவாதி தெரியாத பொண்ணுன்னு நெனச்சுக்குவாங்க."

ஷிப்டு முடிந்து வந்ததும் பயிற்சி நடக்கும். நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சீனத்துக் கிழவர், அத்தை குனிந்து நின் ஹாவ் என்பாள். துண்டை அவிழ்த்தால் சின்னப் பிள்ளை, நீ ஹாவ். நான் துண்டைக் கட்டியும் அவிழ்த்தும் எவ்வளவோ ஏமாற்றிப் பார்த்தேன். அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

விசாவுக்குச் சென்னைக்குப் போக இருந்த சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்பதால், பாஸ்போர்ட் உள்ள பெண்ணாகத் தேடினார்களாம். "போய்ட்டு வந்து பண்ணிக்கிறேண்ணா" என்று அத்தை கெஞ்சினாள். சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார் அப்பா.

தாம்பாளத்தில் பூ, பழம், வெற்றிலை எல்லாம் வைத்து, அதற்கு மேல் பாஸ்போர்ட்டை வைத்தார் அப்பா. மாப்பிள்ளையின் அப்பா அதை எடுத்து, ஜாதகம் பார்ப்பவர் போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாம் வெறும் பக்கங்கள். திருப்தியாக மூடி வைத்துவிட்டு, காப்பித் தட்டோடு நின்ற அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணு சீனாக்காரங்க பாஷ பேசுமாமே. ஒண்ணு பேசும்மா, கேப்போம்."

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்து, "நீ ஹாவ்" என்றாள்.

"இன்னாது, நீயா?" என்றார் அவர். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். எனக்கு நாக்கு நுனியில் 'நின்' நின்றது. வாயைத் திறப்பதற்குள் அம்மா தொடையில் கிள்ளிவிட்டாள்.

"இல்லீங்க, அது அவுங்க பாஷைல அப்டி" என்று அப்பா குழறினார். பிறகு தங்கையிடம் திரும்பி, குரல் உடைந்து, "நீங்க ஹாவ்னு சொல்லும்மா" என்றார்.

அத்தை அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க ஹாவ்" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "சீனாக்காரனுக்கே மருவாதி கத்துக் குடுத்துடுச்சிப்பா!" அப்போதே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

அத்தையின் பாஸ்போர்ட்டில் முதல் வெளிநாட்டு முத்திரை மஸ்கட்டில் விழுந்தது. ஸ்வெட்டர் அலமாரியில் தங்கிவிட்டது. மங்கி குல்லாயை அப்பா மார்கழியில் நைட் ஷிப்டுக்குப் போட்டுக்கொண்டு போனார்.

இப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். சீனாவிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒரு சின்னப் பையன் தன் மேலதிகாரியைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்று, "நின் ஹாவ்" என்றான். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு நான் அப்படியே நின்றேன். துண்டை வைத்து நான் எவ்வளவு ஏமாற்றியும் அத்தை ஒரு தடவைகூடத் தவறாதது ஞாபகம் வந்தது.

பெண் பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு அத்தை மேல் கோபம்தான். துண்டு கட்டிக்கொண்டு எத்தனை தரம் சொல்லிப் பார்த்த பாடம், இத்தனை பேர் முன்னால் மறந்துவிட்டாளே என்று. இப்படி மறந்தால் சீனாவுக்குப் போய் என்ன செய்வாள் என்று கவலையாகவும் இருந்தது.